மேல்மாடிச் செவிடன்

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்து ஓய்ந்த சற்று நேரத்தில், எங்கள் வீட்டுக்கு எதிர்த்த மலையிலிருந்து ஒரு குரல் வரும். குரல் என்று சொல்வது மரியாதைக்கு. என் காதில் விழுவது நீளமாக இழுத்து, நடுவில் ஒருமுறை ஏறி, கடைசியில் உடைந்து விழும் ஓர் ஊளை. பனி பள்ளத்தை நிரப்பியிருக்கும். ஆள் தெரியாது, மரம் தெரியாது, எதிர்மலை இருக்கிறதா என்பதே தெரியாது. என் மனைவி அஞ்சலை அடுப்படியில் இருந்தபடியே தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள். பின்கதவைத் திறந்து அதே மாதிரி ஒன்றைத் திருப்பி அனுப்புவாள். பிறகு உள்ளே வந்து, "சின்னம்மா வீட்டு ஆடு குட்டி போட்டிருச்சாம். ரெண்டு. ஒண்ணு கறுப்பாம்," என்பாள். அந்த ஊளைக்குள் கறுப்பும் இருந்ததா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். ஊரில் இருக்கும் நீங்கள் கடிதம் எழுதும்போதெல்லாம் குளிர் எப்படி, அட்டை கடிக்குமா என்று விசாரிக்கிறீர்கள். குளிர் பழகிவிடும். அட்டைக்குச் சவுக்காரம் இருக்கிறது. இலங்கையின் இந்தத் தேயிலை மலைக்கு வந்து இருபத்து மூன்று வருஷமாகியும் எனக்குப் பழகாமல் இருந்தது காதுதான்.

"அதுல ஒரு வார்த்தைகூட இல்லையே, உனக்கு எப்படித் தெரியுது?" என்று அவளிடம் பலமுறை சண்டைக்குப் போயிருக்கிறேன். "இருக்குங்க," என்பாள். "நீங்க வார்த்தையத் தேடுறீங்க. அது போற போக்கக் கேளுங்க." ஒரு மலைக்கும் இன்னொரு மலைக்கும் நடுவே இருக்கும் காற்றில் எழுத்துகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்துவிடுகின்றன. வல்லினம் முதலில் போகும். பிறகு மெல்லினம். கரை சேருவது ஏற்றமும் இறக்கமும் மட்டும். மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, பனிக்குள்ளேயே பேச்சுப் பழகிய அவள் காது அந்த எலும்புக்கூட்டைப் பார்த்ததும் சதையை வைத்துக்கொள்கிறது. என் காது எலும்பைப் பார்த்து எலும்பு என்றது.

என் காது வேறு இடத்தில் செய்யப்பட்டது. கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரம் தட்டும் கன்னார் தெரு அது. பொழுது விடிந்தால் சுத்தியல், பொழுது போனால் சுத்தியல். வீட்டுக்கு வீடு பத்துப் பதினைந்து கைகள், ஒவ்வொன்றும் ஒரு தாளம், எந்தத் தாளமும் இன்னொன்றோடு சேராது. அந்தத் தெருவை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. அதைவிட்டு ஓடிவந்தவன்தான் நான். ஆனால் அந்த இரைச்சலுக்குள்தான் நான் தமிழ் கேட்டேன். யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். இரண்டு அடிகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் அரைச் சொல்லை நுழைப்பார்கள், மீதி அரையை நாம் போட்டுக்கொள்ள வேண்டும். "சாயங்காலம் மாமா வர்றார், அரிசி வாங்கிட்டு வா" என்பதில் பாதியைச் சுத்தியல் தின்றுவிடும். நான் அரிசி வாங்கிக்கொண்டு வருவேன். ஒருமுறையும் பருப்பு வாங்கியதில்லை. தமிழ் எங்கே போகும், எந்த எழுத்துக்குப் பின்னால் எந்த எழுத்து வர முடியும், எது வரவே முடியாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாமலே என் காதுக்குத் தெரிந்திருந்தது.

தலவாக்கலை பஜாரில் முதன்முதலாகச் சிங்களம் கேட்ட அன்றைக்குத்தான் அது எவ்வளவு பெரிய சொத்து என்று விளங்கியது. ஒருவர் குடத்திலிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பது போல இருந்தது. எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது, ஓரமே இல்லை. அவர்கள் இரண்டாகக் கேட்கும் ஒலிகள் எனக்கு ஒன்றாகவே விழுந்தன. நான் எவ்வளவு உற்றுக் கேட்டாலும் ஒன்றாகவே விழுந்தன. காய்கறி விற்ற அம்மாள் சொன்னதையே மூன்று தடவை சொன்னாள். கடைசியில் இரக்கப்பட்டு விரலைக் காட்டினாள். பக்கத்தில் நின்ற அஞ்சலை (அப்போது கல்யாணமாகி ஒரு மாதம்) அந்தச் சந்தை இரைச்சலில், முதுகைத் திருப்பிக்கொண்டே, அம்மாளோடு சிரித்துப் பேசி ஒரு பூசணிக்கீற்றை இனாமாக வாங்கிவந்தாள். லயத்துக்குக் கீழே இருந்த சிங்களப் பிள்ளைகளோடு மண் விளையாடியவள் அவள். அவளுக்கு இரண்டு மொழியும் காது வழியாகத்தான் போயின. எனக்கு ஆங்கிலம் கண் வழியாக வந்தது. பதினைந்து வயதில், அச்சடித்த பக்கத்தில், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டு. பேசும்போது அந்த இடைவெளியை யாரும் விடுவதில்லை என்பதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த ஆங்கிலத்தை வைத்துத்தான் நான் இங்கே டீமேக்கர் ஆனேன். தேயிலை ஆலையான ஸ்டோருக்குள் இலை வந்து தூளாகிப் போகும்வரை என் பொறுப்பு. மேல்மாடியில் சாக்குத் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி வாட்டுவோம். அங்கே காற்றுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. வாடிய இலை கீழே, அதைச் சுருட்டி நசுக்கும் ரோலர் அறைக்கு இறங்கும். அங்கே இருப்பதைச் சத்தம் என்று சொல்ல முடியாது; ஒரு கனம் அது. தலைக்கு மேலே பெல்ட்டுகள், தரையில் ஆறு ரோலர்கள், சுவருக்கு அப்பால் இஞ்சின். அந்தக் கனத்துக்குள் ரோலர்காரர்களின் தலைவன் வீரமுத்துவும் நானும் வெற்றிலை போட்டுக்கொண்டு சாதாரணக் குரலில் பேசுவோம். "ஐயா, ரெண்டாம் ரோலர்ல இல சூடாவுது, எறக்கிரவா?" "இறக்கிடு." புதிதாக வருகிற வெள்ளைக்காரர்கள் எங்களைப் பார்த்து, ஏதோ உதட்டைப் பார்த்துப் பேசும் வித்தை என்று நினைப்பார்கள். வித்தை ஒன்றுமில்லை. கன்னார் தெருவின் சந்துகள் அங்கேயும் இருந்தன.

ஆனால் ஆங்கிலத்துக்கு அங்கே சந்து இல்லை. ஆபீஸில் தெளிவாகக் கேட்கும் ஆங்கிலம் ரோலர் அறை வாசலைத் தாண்டியதும் உப்பாகக் கரைந்துவிடும். எதை இரைச்சல் தின்றதோ அதை இட்டு நிரப்ப என்னிடம் கையிருப்பு இல்லை. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரர், பழைய பெரிய தொரை, பதினான்கு வருஷம் இருந்தார். மெதுவாக, என் முகத்தைப் பார்த்துப் பேசுவார்; அவர் குரலுக்கு என் காதில் ஒரு தடம் விழுந்துவிட்டது. முப்பத்திரண்டாம் வருஷம், தேயிலைக்கு விலை விழுந்து தோட்டங்கள் ஆள் குறைத்துக்கொண்டிருந்தபோது, அவர் போய்ப் புதியவர் வந்தார். ஸ்காட்லாந்துக்காரர் என்றார்கள். வாயில் புகைக்கும் சுங்கானை வைத்துக்கொண்டே பேசுவார். அவர் பேச்சு வேறு எங்கோ ஏறி வேறு எங்கோ இறங்கியது. என் பழைய தடத்தில் அது ஓடவில்லை.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. தொரையிடம் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அவர் என்ன சொன்னாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், தலையை ஆட்டி "சரிங்க தொரை" என்றுவிட வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணிலிருந்து கங்காணிவரை எல்லோரும் அப்படித்தான். வீரமுத்து இதில் மகா சூரன். "அவரு என்னா சொன்னாரு?" என்று ஒருநாள் கேட்டேன். "யாருக்குத் தெரியும்?" என்றான். "பொறவு என்னத்துக்குச் சரின்ன?" "ஐயா, தொரை ரோலருகிட்ட நின்னுக்கிட்டு வேற என்னா சொல்லப் போறாரு? இலயப் பாத்தா தெரியாதா அவரு என்னா சொல்லுவாருன்னு? சரின்னுட்டு இலைக்கு ஆவுறதச் செஞ்சா முடிஞ்சுபோச்சு." அவன் செய்தது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. தொரைக்கும் அவன்மேல் நல்ல அபிப்பிராயம்: சொன்னவுடன் புரிந்துகொள்கிறவன்.

நான் திருப்பிக் கேட்டேன். ஆங்கிலம் படித்தவன், தலையாட்டிப் பிழைக்க வேண்டியதில்லை என்ற எண்ணம். ஒருநாள் ரோலர் அறையில், இருபது பேர் முன்னால், மூன்று தடவை "மன்னிக்க வேண்டும் ஐயா, என்ன சொன்னீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மூன்றாம் தடவை அவர் முகம் சிவந்தது. சுங்கானை எடுத்துவிட்டுக் கத்தினார். கத்தும்போது இன்னும் மோசம். அது வெறும் ஓசையாகிவிட்டது. வீரமுத்து எனக்குப் பின்னால் நின்று, உதடு அசையாமல், "ஆட்டுங்கையா, தலைய ஆட்டுங்க," என்றான். அது மட்டும் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டது.

ஆபீஸுக்குக் கூப்பிட்டார். அங்கே கடிகாரம் ஓடும் சத்தம்கூடக் கேட்கும். நீ செவிடா என்று விசாரித்தார். இங்கே நன்றாகக் கேட்கிறது ஐயா, அங்கே கேட்கவில்லை என்றேன். மற்ற எல்லோருக்கும் கேட்கிறதே என்றார். அவர்கள் வெறுமே தலையாட்டுகிறார்கள் என்று சொல்லி இருபது பேரைக் காட்டிக்கொடுக்கவா? அவர் நிதானமாகவே பேசினார். கெட்ட மனிதர் அல்ல. பிழை உன் காதில் என்றால் அது உன் குற்றமில்லை, மேல்மாடியில் கொழுந்து வாட்டும் வேலை தருகிறேன், தோட்டத்து வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். காது சரியென்றால் நீ என்னை ஆட்கள் முன்னால் வேண்டுமென்றே நிற்கவைத்தாய் என்று அர்த்தம். மாதக் கடைசியில் போய்விடலாம். டவுன் ஆஸ்பத்திரியில் போய்க் காதைக் காட்டி எழுதி வாங்கிவா என்றார். தொரைக்கு ரோலர் அறையில் எங்கள் தமிழ் கேட்பதில்லை. ஏதாவது விசாரிக்க வேண்டுமென்றால் ஆளை வெளியே கூட்டிப்போய்த்தான் கேட்பார். அவருக்குக் கேட்காவிட்டால் அதற்கு இயந்திர இரைச்சல் என்று பெயர்.

அன்று வீட்டுக்கு வந்து அஞ்சலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "போவச் சொன்னா எங்கங்க போவோம்?" என்றாள். எங்கே என்று அவளுக்குத் தெரியும். ஆள் குறைக்கும் காலத்தில் வேறு தோட்டம் கிடையாது. கும்பகோணம்தான்.

அவளை ஒரே ஒருமுறை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன், என் தம்பி கல்யாணத்துக்கு. தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் உட்கார்ந்து, வழியெல்லாம் சன்னலோரம் சிறுபிள்ளை மாதிரி இருந்தவள், எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டாள். சுத்தியல்கள். ஒரு மாதம் இருந்தோம். என் தம்பி பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. என் சித்தி பேசுவது கேட்கவில்லை. சந்துகளில் நுழைத்த அரைச் சொற்கள் அவள்மேல் பட்டுத் தெறித்தன. அதே தமிழ்தான். "அக்காளுக்குக் காது மந்தமோ?" என்று தெருப் பெண்கள் கேட்டார்கள், அவள் முன்னாலேயே, அது அவளுக்குக் கேட்காது என்ற தைரியத்தில். அது மட்டும் கேட்டது அவளுக்கு. அவள் வாயைத் திறந்தால் இந்த மலையின் இழுப்பு வரும். அதற்கு ஒரு சிரிப்பு. பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. கூப்பிடாமலே வருகிறவளாக, சொல்லாமலே செய்கிறவளாக, சுவரோரம் நடக்கிறவளாக ஆகிப்போனாள். திரும்பி வந்து, மலை ரயில் ஏறத் தொடங்கி, முதல் பனி சன்னலுக்குள் வந்தபோது சொன்னாள்: "அங்க எனக்குக் காதே இல்லங்க."

அதனால் டாக்டரிடம் போகும் வழியெல்லாம் நான் ஒன்றையேதான் நினைத்தேன். எங்கள் இருவரில் ஒருவர் செவிடாக வேண்டும். அது எந்த ஊரில், யார் என்பதுதான் கேள்வி.

டாக்டர் யாழ்ப்பாணத்தவர், என்னைவிட இளையவர். தொரை கொடுத்தனுப்பிய கடிதத்தைப் படித்துவிட்டு, "அந்தச் சுவரைப் பாத்து நில்லுங்கோ," என்றார். "நான் பின்னாலை நிண்டு மெல்லமாச் சொல்லுவன். கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கோ. கேக்கேல்லையெண்டா கையைத் தூக்குங்கோ." ஆங்கிலத்தில் எண்கள், ஊர்கள், சாமான்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் மழை வந்தது. தகரக் கூரை. டாக்டரின் கிசுகிசுப்பு மழைக்குள் போய்விட்டது. கையைத் தூக்கினேன். மறுபடி தூக்கினேன். தூக்கிய கை இறங்க நேரமில்லாமல் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அதே தூரத்திலிருந்து, அதே மழையில், அதே மூச்சளவில் தமிழ் வந்தது.

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ரொட்டியும் சம்பலும், டாக்டர்."

"ஆர் சுட்டது?"

"பெண்டாட்டி."

"உறைப்போ?"

"உறைப்புத்தான், நல்ல காரம்."

அவர் தமிழ் என் தெருத் தமிழும் அல்ல, மலைத் தமிழும் அல்ல. வேறு மேடு, வேறு பள்ளம். ஓரிரண்டு இடத்தில் தடுக்கியது. ஆனாலும் மழையால் அதைக் கொண்டுபோக முடியவில்லை. திரும்பிப் பார்த்தேன். டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்கடை காதிலை ஒரு பிழையும் இல்லை," என்றார். "மழைக்குள்ளை தமிழ் நிக்குது, இங்கிலிஷ் கரையுது. அவ்வளவுதான்."

"உங்களுக்கு அப்படி இல்லையா?"

"ஏனில்லை? கொழும்பிலை படிக்கேக்கை சாப்பாட்டு மண்டபத்திலை எல்லாரும் சிரிச்சா நானும் சிரிப்பன். என்னத்துக்குச் சிரிச்சனான் எண்டு இண்டைக்கும் தெரியாது." நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "நீங்கள் ஏன் மற்றாக்களைப் போலத் தலையாட்டேல்லை?"

"திமிர்தான், டாக்டர்."

தொரை வைத்த இரண்டு வழியையும் சொன்னேன். பேனாவை மூடினார். "உண்மையை எழுதினா வீடு போகும். பொய்யை எழுதினா காது போகும்," என்றார். "நல்லா யோசியுங்கோ. ஒருக்கா எழுதினா எல்லாரும் அப்பிடித்தான் உங்களைப் பாப்பினம். மழை விடட்டும், சொல்லுங்கோ."

மழை விடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

என்னைச் செவிடன் என்று எழுதிய கடிதம் தொரை மேசைக்குப் போன நாளிலிருந்து நான் மேல்மாடியில் இருக்கிறேன். உண்மை தெரிந்தவர்கள் இந்தத் தோட்டத்தில் மூன்றே பேர்: நான், அஞ்சலை, வீரமுத்து. முதல் வாரம் எல்லோரும் என் காதுக்கருகே வந்து கத்தினார்கள். இரண்டாம் வாரம் கையைக் காட்டினார்கள். மூன்றாம் வாரம் பேசுவதையே விட்டுவிட்டார்கள். கொழுந்துக் கூடை கொண்டுவரும் பெண்கள் என் முன்னாலேயே என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். "பாவம்டி, நல்ல மனுசன்." "என்னா பாவம்? பொண்டாட்டி பேச்சுலேருந்து தப்பிச்சுட்டாரு. எங்க வீட்டாளுக்கு ஒரு நாளு வர மாட்டேங்குதே!" வீரமுத்து ஏதாவது சாக்கில் மேலே வருவான். ஆள் இருந்தால், "ஐயாவுக்குக் காதும் வாடிப்போச்சு, கொழுந்து மாதிரி!" என்று மாடி அதிரக் கத்துவான். உடனே மூச்சளவில், "கோச்சுக்காதீங்க, கங்காணி நிக்கிறான்," என்பான். நான் இரண்டுக்கும் ஒரே முகம் காட்டுவேன்.

சிரிப்பை அடக்குவது எளிது. கழுத்தை அடக்குவதுதான் கடினம். ஆங்கிலத்துக்கு என் கழுத்து திரும்பியதே இல்லை. அதைக் கேட்க வேண்டுமென்றால் நான் உட்கார்ந்து கேட்க வேண்டும். தமிழ் அப்படியல்ல. பின்னால் யாரோ "ஐயா" என்பதற்குள், அது தமிழென்று எனக்குத் தெரிவதற்குள், கழுத்து திரும்பிவிடுகிறது. தாய்மொழி காதில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது பிடரியில் இருக்கிறது. நாலு மாதம் நான் என் பிடரியை அடித்து வளர்த்தேன். இலைகளை எண்ணுவேன். சாக்கின் இழைகளை எண்ணுவேன். தமிழ் வரும்போது அதைத் தலவாக்கலைச் சந்தையின் முதல் நாள் சிங்களமாக, ஓரமில்லாத தண்ணீராக, ஓடவிடப் பழகினேன். இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மேல்மாடியில் இரைச்சல் இல்லாததால் தொரையின் ஆங்கிலம் இப்போது எனக்குத் துல்லியமாகக் கேட்கிறது. ஒருநாள் என்னைச் சுட்டிக்காட்டி, நல்ல ஆள், பரிதாபம், முன்பே கவனித்திருக்க வேண்டும் என்று ஒருவரிடம் சொன்னார். உண்மையான வருத்தத்தோடு சொன்னார். ஒரு சொல்லும் தப்பவில்லை எனக்கு. சுங்கான்கூட வாயில் இருந்தது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, தொரை புது டீமேக்கரைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். என் பழைய வேலைக்கு வந்திருக்கும் இளைஞர், சமவெளிப் பக்கத்துக் கீழ்நாட்டுக்காரர், நன்றாகத் தலையாட்டுவார். நான் தட்டோரம் நின்று இலையைக் கையில் அள்ளி வாட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளத்துப் பக்கத்துச் சன்னல் திறந்திருந்தது. வெளியே பனி மட்டும். அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது; நீளமாக இழுத்து, நடுவில் ஏறி. வழக்கமான காலை ஊளை என்று விட்டேன். விட்ட இடத்தில், நான் தேடாமலே, அது திறந்துகொண்டது. அஞ்சலை. ஓடைப் படிக்கட்டு. விழுந்துவிட்டாள். கால். எழுந்திருக்க முடியவில்லை. வாங்க. ஒரு சொல்லும் இல்லை அந்தக் குரலில், எல்லாம் இருந்தது. முதலில் எனக்கு வந்தது மகிழ்ச்சி என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். இருபத்து மூன்று வருஷம் வெளியே நிற்கவைத்த வீடு ஒன்று கதவைத் திறந்தது போல ஒரு மகிழ்ச்சி. சொற்களைக் கேட்காதே என்று நாலு மாதமாக நான் என் காதுக்குச் சொன்னதுதான், அதை இந்த மலையின் காதாக ஆக்கியிருக்கிறது.

அடுத்த கணம் பிடரி இழுத்தது. தொரை இரண்டு முழத் தூரத்தில் நின்றிருந்தார். அது என்ன சத்தம் என்று புது டீமேக்கரிடம் கேட்டார். யாரோ பெண், ஐயா, இவர்கள் எப்போதும் இப்படிக் கத்திக்கொண்டுதான் இருப்பார்கள் என்றார் அவர். இரண்டாவது குரல் வந்தது. தொரை என் பக்கம் குனிந்து, இலை நன்றாக வாடியிருக்கிறதா என்று என் காதுக்குள் கத்தினார். தலையாட்டினேன். மூன்றாவது குரல் சின்னதாக, ஏறாமல் வந்தது. நான் இலையைப் பார்த்தேன். திரும்பினால் வீடு போகும். அவள் அந்தச் சுத்தியல் தெருவில் சுவரோரம் நடப்பாள். திரும்பாவிட்டால் அவள் ஓடைக்கருகே கிடப்பாள். ஒவ்வொரு தட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தொரை மாடியின் கடைசிவரை போனார். அங்கிருந்து திரும்பி வந்தார். படியிறங்கினார். அவருடைய கடைசி பூட்ஸ் சத்தம் ரோலர் இரைச்சலுக்குள் போகும்வரை நான் கையில் அதே பிடி இலையோடு நின்றேன். பிறகு கையை விரித்துப் பார்த்தேன். இலை ரோலரில் போட்டது போலக் கசங்கிக் கறுத்திருந்தது.

பின்படி வழியாக ஓடினேன். எனக்கு முன்னாலேயே எதிர்மலைக் கொழுந்துப் பெண்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள்; அவர்கள் பள்ளத்தைத் தாண்டி ஓடிவந்தவர்கள். அஞ்சலை படியில் உட்கார்ந்திருந்தாள், கணுக்காலில் ஒருத்தியின் முக்காட்டுத் துணி சுற்றியிருந்தது. என்னைக் கண்டதும் இன்னொருத்தி எழுந்து வந்து என் காதருகே வாயை வைத்து, முழு பலத்தோடு, "ஐயா! அம்மா விழுந்துட்டாங்க! கால் சுளுக்கிக்கிச்சு!" என்று கத்தினாள். அப்போதுதான் தெரிந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மழை பிடித்தது. புளியும் உப்பும் காய்ச்சி அவள் காலுக்குப் பற்றுப் போட்டேன். தகரத்தின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேறு யாரென்றாலும் கத்த வேண்டிய மழை. அவள் எப்போதும் போல மெல்லிய குரலில், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சாங்க?"

ஒவ்வோர் எழுத்தும் விழுந்தது. கேட்டது என்றால், கேட்டும் வராதவன். கேட்கவில்லை என்றால், இந்த வீட்டுக்குள்ளும் செவிடன். இந்த மலையில் நான் ஒருவன்தான் செய்ய மாட்டேன் என்றிருந்த ஒன்று மிச்சமிருந்தது. தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஆட்டம், வீரமுத்துவின் ஆட்டம். அவள் இந்த மலைக்காரி. திருப்பிக் கேட்கவில்லை.

மழை விட்டதும் நான் பின்கதவைத் திறந்தேன். பள்ளத்தில் பனி ஏறிக்கொண்டிருந்தது. எதிர்மலையிலிருந்து குரல் வந்தது: கால் எப்படி இருக்கு, வீக்கம் வத்துச்சா, கஞ்சி கொண்டாரவா. எல்லாம் கேட்டது எனக்கு. அஞ்சலையால் எழுந்து கதவுவரை வர முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிட்டால் குரல் சுவரைத் தாண்டாது. பதில் சொல்ல வேண்டியவன் நான். வாயைத் திறந்தேன். இந்தக் காதுக்கு ஏற்ற தொண்டை எனக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும், செவிடன் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வான்? எதிர்மலை காத்திருந்தது. முதுகுக்குப் பின்னால் அஞ்சலை மூச்சு விடுவது கேட்டது. நான் வாசற்படியில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, வாயைத் திறந்தபடி நின்றேன். பனி வந்து வாய்க்குள் நுழைந்தது.